அமிபுரோக்கரில் லாப ஈவுத் தரவை எடுக்கும் நிரல்: தொடக்கநிலை விளக்கம்

மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டப்புறங்களில் பங்கு வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ஆண்டுக்கு எவ்வளவு லாப ஈவு (டிவிடெண்ட்) கிடைக்கும் என்பதைத்தான். ஜெண்டராட்டா தோட்டத்தைத் தலைமையகமாகக் கொண்ட யுனைடெட் பிளான்டேஷன்ஸ் (மலேசியப் பங்குச் சந்தையான புர்சாவில் குறியீடு 2089) போன்ற செம்பனை நிறுவனங்களின் விவரத்தை அமிபுரோக்கர் என்னும் பங்கு ஆய்வு மென்பொருளிலிருந்து ஒரு சிறு நிரல் மூலம் அட்டவணையாகப் பெறலாம்.

படி 1. சிம்பல் பட்டியிலிருந்து இன்ஃபர்மேஷன் சாளரத்தைத் திறந்து, லாப ஈவுக்கான இடங்களில் மதிப்பு உள்ளதா என்று பாருங்கள். நிரல் படிப்பது இந்தச் சாளரத்தில் உள்ளதை மட்டுமே. அது காலியாக இருந்தால், புர்சாவின் அறிவிப்புகளைப் பார்த்து ஓர் உரைக்கோப்பைத் தயாரித்து, ஆஸ்கி இம்போர்ட் வழியாக ஏற்றிக்கொள்ளலாம்.

படி 2. ஃபார்முலா எடிட்டரில் மூன்று கூற்றுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றும் அரைப்புள்ளியில் முடிய வேண்டும். முதல் கூற்று ஃபில்டர் (Filter) என்ற மாறிக்கு 1 என்ற மதிப்பைத் தருகிறது. எந்தப் பங்கையும் விலக்க வேண்டாம் என்பது அதன் பொருள். இரண்டாவது கூற்றில், ஆட்காலம் (AddColumn) என்னும் செயற்கூற்றுக்குள் கெட்எஃப்என்டேட்டா (GetFnData) என்னும் செயற்கூற்றை வைத்து, டிவிடெண்ட்பெர்ஷேர் (DividendPerShare) என்ற புலப்பெயரை இடைவெளியின்றி இரட்டை மேற்கோளுக்குள் தாருங்கள். அதன் பிறகு நெடுவரிசையின் தலைப்பையும் 1.4 (நான்கு தசம இடங்கள்) என்ற வடிவத்தையும் சேருங்கள். வடிவத்தை விட்டுவிட்டால் இரண்டு தசம இடங்களே தெரியும் என்பதால், 12.5 சென் (0.125 ரிங்கிட்) சரியாகத் தெரியாது. மூன்றாவது கூற்றும் இதே அமைப்புதான். புலப்பெயர் எக்ஸ்டிவிடெண்ட்டேட் (ExDividendDate), வடிவம் ஃபார்மட்டேட்டைம் (formatDateTime).

படி 3. நிரலை அனாலிசிஸ் சாளரத்துக்கு அனுப்பி, அனைத்துப் பங்குகளையும் தேர்ந்தெடுத்து, கால எல்லையை அண்மைய ஒரு பார் (bar, அதாவது ஒரு நாளின் விலைப் பதிவு) என்று வைத்து, எக்ஸ்ப்ளோர் பொத்தானை அழுத்துங்கள். கால எல்லையைப் பத்தாண்டுகள் என்று வைத்தால் பத்தாண்டுக் கணக்கு வரும் என்று எண்ண வேண்டாம். கெட்எஃப்என்டேட்டா தருவது கடைசியாகப் பதிவான மதிப்பை மட்டுமே என்பதால், ஒரே தொகை எல்லா நாளுக்கும் திரும்பத் திரும்ப அச்சாகும். பார்ப்பதற்கு அது வரலாறு போலவே இருப்பதுதான் ஆபத்து.

படி 4. முடிவைச் சிஎஸ்வி கோப்பாகச் சேமியுங்கள். புதிய அறிவிப்பு வந்து தரவைப் புதுப்பிக்கும் போதெல்லாம் நிரலை இயக்கி, புதிய வரிகளை ஒரே விரிதாளில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பங்குக் குறியீடும் எக்ஸ் தேதியும் (அன்று முதல் பங்கை வாங்குவோருக்கு அந்த ஈவு கிடைக்காத நாள்) ஏற்கெனவே உள்ள வரியோடு ஒத்திருந்தால் அதைச் சேர்க்க வேண்டாம். வரலாறு இப்படிச் சேர்ந்தால்தான் உண்டு.

ஈவு விகிதத்தைக் கணக்கிட இந்த விரிதாளே பயன்படும். 8 ரிங்கிட் விலையுள்ள ஒரு பங்கு, ஆண்டில் முதலில் 20 சென்னும் பிறகு 12 சென்னும் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் விகிதம் 4 விழுக்காடு. கடைசித் தொகையை மட்டும் எடுத்தால் 1.5 விழுக்காடுதான். அறிவிப்புகளில் தொகை பெரும்பாலும் சென்னில் இருக்கும், விலையோ ரிங்கிட்டில் இருக்கும் என்பதால், வகுப்பதற்கு முன் அலகை ஒன்றாக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு வழங்கப்பட்டிருந்தால், அதற்கு முந்தைய தொகைகளைப் பாதியாக்கி எழுதுங்கள். பழைய எண்ணைத் தனி நெடுவரிசையில் வைத்திருப்பது நல்லது.