சாய்பலகையில் சறுக்கும் கட்டை: உராய்வு தின்ற ஆற்றலை வீட்டிலேயே அளப்பது எப்படி?

தேவையானவை: 120 செ.மீ. நீளமுள்ள, தொய்யாத பலகை, 200 கிராம் மரக்கட்டை, அளவுநாடா, ஸ்லோமோஷன் வசதியுள்ள போன். மெல்லிய பிளைவுட் வேண்டாம். நடுவில் தொய்ந்தால் சரிவு இடத்துக்கு இடம் மாறிவிடும்.

1. கோடு போடுங்கள். பலகையில் 100 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள். மேல்கோடு கீழ்க்கோட்டைவிட 50 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி பலகையைச் சாய்த்து வையுங்கள். பலரும் பலகை நுனியின் உயரத்தை அளந்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது இரு கோடுகளுக்கு இடையிலான உயர வித்தியாசம் மட்டும். தரையோடு கிடைமட்டமாக அளந்தால் கோடுகளுக்கு இடையே 86.6 செ.மீ. வரும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. விடுங்கள், படம் பிடியுங்கள். கட்டையின் முன்விளிம்பு மேல்கோட்டில் இருக்கட்டும். தள்ளாமல் விரலை எடுங்கள். முன்விளிம்பு கீழ்க்கோட்டைத் தொடும்வரை எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். வினாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் போனில் 216 ஃபிரேம் வந்தால் 0.9 வினாடி. வீடியோவில் ஓடும் கடிகாரத்தை நம்பாதீர்கள். 8 மடங்கு மெதுவாக ஓடினால் அது 7.2 வினாடி என்று காட்டும். ஸ்டாப்வாட்ச் இதற்கு உதவாது: 0.1 வினாடி பிசகினாலே விடை வெகுவாக மாறிவிடும்.

3. வேகம். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். 1 மீட்டரை 0.9ஆல் வகுத்தால் கிடைப்பது சராசரி வேகம். ஓய்விலிருந்து சீராக வேகமெடுக்கும் பொருளின் கடைசி வேகம் அதைப்போல் இரு மடங்கு: வினாடிக்கு 2.22 மீட்டர். இந்த 2ஐ மறந்தால் இயக்க ஆற்றல் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பழி உராய்வின்மேல் விழும்.

4. கணக்கு.
நிலை ஆற்றல்: 0.2 × 9.8 × 0.5 = 0.98 ஜூல்
இயக்க ஆற்றல்: ½ × 0.2 × 2.22² = 0.49 ஜூல்
இழப்பு: 0.49 ஜூல்

பாதி போய்விட்டது! கட்டையைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியாது. அந்த வெப்பம் முழுவதும் கட்டைக்கே போனாலும் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் ஏறும்.

5. உராய்வுக் குணகம், அதாவது உராய்வு விசையைப் பலகையை அழுத்தும் விசையால் வகுத்து வரும் எண். 1 மீட்டரில் 0.49 ஜூல் என்றால் உராய்வு விசை 0.49 நியூட்டன். இதை எடையால் (1.96 நியூட்டன்) வகுக்கக் கூடாது. பலகையை அழுத்துவது எடையின் ஒரு பகுதிதான். அந்தப் பங்கு, முன்பு குறித்த 86.6 செ.மீ.யை 100 செ.மீ.யால் வகுத்தால் வரும் 0.866: 1.96 × 0.866 = 1.70 நியூட்டன். எனவே குணகம் சுமார் 0.29. கட்டையின் நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போவதால், தராசு கொஞ்சம் தவறினாலும் குணகம் மாறாது.

கட்டைக்குப் பதில் குண்டை உருட்டிப் பார்க்க ஆசை வரும். திண்மக் குண்டு வழுக்காமல் உருண்டால், அதன் இயக்க ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சியில் இருக்கும். அதை உராய்வு இழப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

6. சரிபார்ப்பு. உராய்வு இழப்பு = குணகம் × எடை × கிடைமட்டத் தூரம். உயரத்தை 70 செ.மீ. ஆக்கினால் கிடைமட்டத் தூரம் 71.4 செ.மீ.; இழப்பு 0.40 ஜூலாகக் குறையும். அப்போது 154 ஃபிரேமை ஒட்டி வர வேண்டும். 165ஐத் தாண்டினால் முதலில் பலகையின் தொய்வையும், விரல் கட்டையை விட்டு விலகிய ஃபிரேமையும் பாருங்கள்.