வலிக்காத இடத்தில் ஒரு சிவப்பு

முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போன பிறகு, வலி என்கிற காவல்காரன் எனக்கு இல்லை. இடதுபக்க உட்காரும் எலும்பின் மேல் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தோல் சிவந்திருந்ததைத் தங்கைதான் பார்த்தாள். விரலால் அழுத்தினாள்; வெளுக்கவில்லை. ஒரே இடத்தில் பாரம் அழுந்தி வரும் அழுத்தப் புண்ணின் (படுக்கைப் புண்) முதல் நிலை அது.

சிவப்பு மறையும்வரை அந்தப் பக்கம் பாரமே போடக்கூடாது என்றார் செவிலியர். நான்கு நாள் குப்புறவும் ஒருக்களித்தும் கிடந்தேன். அலுப்பைப் பற்றிக் கேட்காதீர்கள்.

குற்றவாளி சக்கர நாற்காலியின் காற்று மெத்தை. உட்கார்ந்தபடி உடம்புக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழைத்து எலும்பைத் தேடினேன். எலும்புக்கும் பலகைக்கும் நடுவில் விரல் நசுங்கியது. காற்று குறைந்திருக்கிறது! உடனே கல் மாதிரி ஆகும்வரை காற்று அடித்தேன். அதுவும் தப்பு: உடம்பு அமிழாமல் மேலேயே நின்றால், பாரம் முழுவதும் எலும்பு முனையில்தான் இறங்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டு, எலும்புக்கு அடியில் சுமார் 2 செ.மீ. மிஞ்சும்படி வைத்தேன்.

இப்போது அந்த எலும்பின் மேல் பாரம் குறைய, அரை மணிக்கு ஒருமுறை, மார்பு தொடையில் படுகிற மாதிரி முன்னால் குனிந்து 2 நிமிடம் இருக்கிறேன். அதற்குப் பதில் கையூன்றி எழும்புவது தோள்மூட்டைத் தின்றுவிடும்.

புதிதாக நாற்காலிக்கு வந்த நண்பர் ஒருவருக்குப் போன வாரம் நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி கொடுத்தேன். இரவில் தோலைத் தானே பார்த்துக்கொள்ள. கூச்சப்பட்டார், வாங்கிக்கொண்டார்.