பேக்கப் விடிந்தும் முடியவில்லையா? முதலில் நெட்வொர்க்கை அளந்து பாருங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளுக்கு மே மாதம் சீசன் சூடுபிடித்தால் ஜூலை வரை ஓய்வில்லை. எடைச்சீட்டு, தரப் பரிசோதனை அறிக்கை, கேமரா பதிவு என்று கம்ப்யூட்டரில் கோப்புகள் குவிவதும் அப்போதுதான். ராத்திரி 9 மணிக்கு ஆரம்பித்த பேக்கப் காலை 7 மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற புகாரும் கூடவே வரும். "வேற சாஃப்ட்வேர் போட்டுடலாமா சார்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி.

போடலாம், ஆனால் அளந்து பார்த்த பிறகு. பேக்கப்பில் மூன்று வேலைகள் இருக்கின்றன: ஒரு டிஸ்க்கிலிருந்து படிப்பது, நெட்வொர்க்கில் அனுப்புவது, இன்னொரு டிஸ்க்கில் எழுதுவது. மூன்றில் எது மெதுவோ அதன் வேகம்தான் மொத்த வேகம். நடுவில் இருக்கும் நெட்வொர்க்கை மட்டும் பிரித்து அளப்பது எப்படி என்று பார்ப்போம். கிளையன்ட் என்று நான் சொல்வது யாருடைய கோப்புகளைப் பேக்கப் எடுக்கிறோமோ அந்தக் கம்ப்யூட்டர். சர்வர் என்பது அவற்றை வாங்கிச் சேமிப்பது.

முதலில் காகிதத்தில் ஒரு கணக்கு

நெட்வொர்க் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். கோப்பின் அளவு மெகாபைட்டில் இருக்கும். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் உச்சம். நடைமுறையில் 11 சொச்சம். ஜிகாபிட் (1000 மெகாபிட்) இணைப்பில் உச்சம் 125, கைக்கு வருவது 110 முதல் 117 வரை. 400 ஜிபி பேக்கப் என்றால் முதலாவதில் சுமார் 10 மணி நேரம், இரண்டாவதில் ஒரு மணி நேரம். மேலே சொன்ன 9 மணி, 7 மணி புகாரை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள், பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

படி 1: இணைப்பு எந்த வேகத்தில் நிற்கிறது?

விண்டோஸில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் பகுதியில் ஈதர்நெட்டைத் திறந்தால் லிங்க் ஸ்பீடு என்ற வரி இருக்கும். லினக்ஸில் ஈத்டூல் கட்டளை இதைக் காட்டும். கிளையன்ட், சர்வர் இரண்டிலும் பாருங்கள். ஜிகாபிட் ஸ்விட்ச்சில் (கம்ப்யூட்டர்களின் நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) செருகியும் 100 என்று காட்டினால், பெரும்பாலும் கேபிள்தான் காரணம்.

ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. நெட்வொர்க் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். எலி கடித்தோ, கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்ப் சரியாக விழாமலோ, 100-க்குத் தேவைப்படாத ஜோடிகளில் ஒன்று போய்விட்டால் இணைப்பு பெரும்பாலும் அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். மெயில் வரும், பிரவுசர் திறக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. பேக்கப் மட்டும் திணறும். இன்னொன்று, தாமிரக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. கூழ் எடுக்கும் ஷெட் ஒரு மூலை, ஆபீஸ் இன்னொரு மூலை என்றிருக்கும் ஆலைகளில் இது சுலபமாக மீறப்படுகிறது. மோட்டார் லைனோடு சேர்த்துக் கட்டிய கேபிள் என்றால் மின் இரைச்சலும் சேரும். விலை மலிவு என்று அலுமினியத்தின்மேல் தாமிரம் பூசிய கேபிளை வாங்காதீர்கள்.

படி 2: பிங்

ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கட்டளைதான் பிங். கிளையன்ட்டிலிருந்து சர்வருக்கு 100 முறை பிங் அனுப்புங்கள். ஒரே கட்டடத்துக்குள் கேபிள் வழி என்றால் பதில் பெரும்பாலும் 1 மில்லிசெகண்டுக்குள் வரவேண்டும். ஒன்றுகூடத் தொலையக் கூடாது. தொலைந்தால் இதற்கு மேல் போகாமல் கேபிளையும் ஸ்விட்ச் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள்.

படி 3: ஐபெர்ஃப்3

இலவச மென்பொருள். உபுண்டுவில் ஆப்ட் மூலம் நிறுவலாம், விண்டோஸுக்கும் கிடைக்கிறது. டிஸ்க்கைத் தொடாமல், ஒரு கம்ப்யூட்டரின் நினைவகத்திலிருந்து இன்னொன்றின் நினைவகத்துக்குத் தரவை அனுப்பி நேரம் பார்க்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

சர்வரில்: ஐபெர்ஃப்3 -எஸ்

கிளையன்ட்டில்: ஐபெர்ஃப்3 -சி 192.168.1.10

அந்த எண்ணுக்குப் பதில் உங்கள் சர்வரின் ஐபி முகவரியைக் கொடுங்கள். இணைப்பு மறுக்கப்பட்டாலோ, பதிலே வராமல் நின்றாலோ, சர்வரின் ஃபயர்வாலில் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருள்) ஐபெர்ஃப்3 பயன்படுத்தும் டிசிபி 5201 போர்ட்டைத் திறக்கவேண்டியிருக்கும். சோதனை 10 நொடியில் முடியும். அது போதாது, கட்டளையின் கடைசியில் -டி 60 (டைம் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து) சேர்த்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். கடைசியில் வரும் இரண்டு வரிகளில் ரிசீவர் வரியைத்தான் நம்பவேண்டும். ஜிகாபிட்டில் 940 மெகாபிட் அருகில் வந்தால் நெட்வொர்க் மேல் குற்றமில்லை. 94 என்றால் எங்கோ ஓரிடத்தில் 100 மெகாபிட் இணைப்பு ஒளிந்திருக்கிறது. இரண்டு முனையிலும் ஜிகாபிட் காட்டியிருந்தால், நடுவில் பழைய ஸ்விட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். லினக்ஸ் கிளையன்ட்டில், மறுபடி அனுப்பிய பாக்கெட்டுகளின் (தரவைப் பிரித்து அனுப்பும் சின்னத் துண்டுகள்) எண்ணிக்கையும் தெரியும். அது ஏறிக்கொண்டே போய் வேகமும் குறைவாக இருந்தால் பாக்கெட்டுகள் வழியில் தொலைகின்றன.

அடுத்து பெரிய எழுத்து ஆர் சேர்த்து ஓட்டுங்கள்: -ஆர். இப்போது சர்வர் அனுப்பும், கிளையன்ட் வாங்கும். பேக்கப்புக்கு முதல் திசை முக்கியம், பேக்கப்பிலிருந்து கோப்புகளைத் திரும்ப எடுக்கும் ரீஸ்டோருக்கு இந்தத் திசை. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், டிஸ்க் செத்த அன்றைக்குத்தான் நினைப்பு வரும்.

பெரிய எழுத்து பி (பேரலல் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து) போட்டு 4 கொடுத்தால் ஒரே நேரத்தில் நான்கு இணைப்புகள் ஓடும். சிறிய எழுத்து பி போட்டுவிடாதீர்கள், அது போர்ட் எண்ணுக்கானது. ஒற்றை இணைப்பில் வேகம் குறைந்து, நான்கில் மட்டும் நிறைந்தால், பேக்கப் மென்பொருளில் ஒரே சமயம் பல இணைப்புகள் ஓட வழி உண்டா என்று தேடிப் பாருங்கள்.

எல்லாம் சரி, பேக்கப் மட்டும் மெதுவா?

அப்புறம் டிஸ்க்தான். ஒரு பெரிய கோப்பை சர்வருக்கு நகலெடுத்து நேரம் பாருங்கள். அப்புறம் அதே மொத்த அளவுள்ள, ஆயிரக்கணக்கான ஸ்கேன் செய்த பில்கள் இருக்கும் ஃபோல்டரை எடுங்கள். இரண்டாவது ரொம்ப மெதுவாக இருந்தால் சின்னக் கோப்புகள்தான் பிரச்சினை, புது ஸ்விட்ச் வாங்கி ஒரு பலனும் இல்லை. சர்வரில் வெளி டிஸ்க் மாட்டியிருந்தால் அது யுஎஸ்பி 2 போர்ட்டா என்றும் பாருங்கள். அதில் நொடிக்கு 30, 40 மெகாபைட் தாண்டாது.

ஓசூரில் கிளை, தர்மபுரியில் சர்வர் என்று விபிஎன் (இன்டர்நெட் வழியே இரண்டு இடங்களை இணைக்கும் பாதுகாப்பான தனி வழி) வழியாகப் போகிறதா? ஜிகாபிட் கணக்கு அங்கே செல்லாது. கிளையின் அப்லோட் வேகம்தான் எல்லை. பிராட்பேண்ட் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் டவுன்லோட் வேகம். பிங் நேரமும் இங்கே முக்கியம். பதில் வர 40 மில்லிசெகண்ட் ஆகிறது, இணைப்பின் விண்டோ (பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் அனுப்பக்கூடிய அளவு) 64 கிலோபைட்டைத் தாண்டவில்லை என்றால், லைன் எவ்வளவு பெரியதானாலும் ஒரு இணைப்பு 13 மெகாபிட் சுமார்தான் தரும். அந்த இடத்தில் -பி 4 சோதனை உண்மையைச் சொல்லிவிடும்.

இதையெல்லாம் பகலில் ஒரு தடவை, பேக்கப் ஓடும் நேரத்துக்குச் சற்று முன் ஒரு தடவை செய்யுங்கள். ராத்திரி ஷிஃப்டில் கேமரா பதிவும் அதே ஸ்விட்ச் வழியாகப் போனால் இரண்டு எண்களும் ஒத்துப்போகாது. பேக்கப் ஓடும்போதே சோதிக்க வேண்டாம், இரண்டும் ஒரே லைனைப் பங்குபோட்டு இரண்டு கணக்கும் கெடும். வேலை முடிந்ததும் சர்வரில் கண்ட்ரோல் சி அழுத்தி ஐபெர்ஃப்3-ஐ நிறுத்திவிட்டு, திறந்த 5201 போர்ட்டை மூடிவிடுங்கள்.