மூங்கில் பிரஷ் எல்லாம் அப்புறம், மொதல்ல அடுப்பங்கரைய பாருங்க

இப்போல்லாம் இயற்கையோட இணைஞ்சு வாழணும்னு யாராவது முடிவு பண்ணாலே மொதல் வேலையா ஒரு ஷாப்பிங் லிஸ்ட் ரெடி ஆயிடுது, மூங்கில் டூத்பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, கண்ணாடி டப்பா செட்டு, அது இதுன்னு. அதெல்லாம் தப்புன்னு சொல்ல வரல, ஆனா நல்லா இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவ தூக்கி போட்டுட்டு கண்ணாடி டப்பா வாங்குறதுல யாருக்கு லாபம்னு கேட்டா கடைக்காரருக்கு தான். வீட்டுக்குள்ள ஏற்கனவே வந்துட்ட பொருள கடைசி வரைக்கும் பயன்படுத்துனாலே செலவும் குறையும் குப்பையும் குறையும், அதுக்கு தனியா எதுவும் வாங்க வேணாம். அதனால இதுல வாங்குற ஐட்டம் எதுவும் இருக்காது, அரிசி, காய், கேஸ், தண்ணி, தோலு, இவ்ளோ தான்.

அரிசியில இருந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா தினமும் நம்ம வீட்ல நடக்கிற வேலை அது. அரிசி களையும் போது மொத தண்ணியில தூசி, தவிடு எல்லாம் வரும், அத ஒரு பக்கெட்ல புடிச்சு செடிக்கு ஊத்திடுங்க. ரெண்டாவது தண்ணிய மட்டும் ஒரு பாத்திரத்துல எடுத்து வைங்க, அதுல தான் புளி ஊற வைக்கணும். புளிக்குழம்பு, வத்தக்குழம்பு எதுவா இருந்தாலும் இந்த தண்ணியில கரைச்சா குழம்பு நல்லா கெட்டியா வரும், தனியா அரிசி மாவோ கார்ன் ஃபிளாரோ கரைச்சு ஊத்த வேண்டியதில்ல. சேனை, கருணைக்கிழங்கு வேக வைக்கவும் இதே தண்ணி தான் நம்ம ஊர்ல வழக்கம், கூட கொஞ்சம் புளியும் போட்டா நாக்கு அரிக்காது.

குக்கர் சாதமா வடிச்ச சாதமா? கேஸ் கணக்கு பாத்தா குக்கர் தான் ஜெயிக்கும். ஆனா வடிச்சா கஞ்சி கிடைக்கும், கஞ்சியில கொஞ்சம் மோர், உப்பு போட்டு வெயில் நேரத்துல குடிச்சா எந்த எனர்ஜி டிரிங்க்கும் தேவையில்ல, மிச்சம் இருந்தா காட்டன் புடவைக்கு போடலாம். வடிக்கிறவங்க ஒண்ணு பண்ணுங்க, அரிசி முக்கால் பதம் வெந்ததும் அடுப்ப ஆஃப் பண்ணி மூடி போட்டு ஒரு 10 நிமிஷம் அப்படியே விட்ருங்க, அந்த சூட்லயே மீதி வெந்துடும், அப்புறம் வடிங்க. பச்சரிசிய மட்டும் இப்படி விட்டா குழைஞ்சிடும், புழுங்கல் அரிசிக்கு தான் இது செட் ஆகும்.

ராத்திரி மிஞ்சுன சோத்துக்கு பழைய சோறு தான், வேற பேச்சே கிடையாது. ஆனா அதுலயும் ஒரு முறை இருக்கு. சோறு ஆறுனதும் தண்ணி ஊத்திடணும், மத்தியானம் வடிச்ச சோற ராத்திரி வரைக்கும் வெதுவெதுன்னு வெளியவே வச்சிருந்துட்டு அப்புறம் ஊத்தக்கூடாது, ஏன்னா வேக வச்சாலும் சாகாத ஒரு வகை பாக்டீரியா விதை அரிசியில இருக்கும், சோறு அரைச்சூட்ல ரொம்ப நேரம் கிடந்தா அது பெருகி வாந்தி, வயித்துப்போக்குன்னு கொண்டு போய் விட்ரும். ஆறுன சோத்துல நல்ல தண்ணி, சோறு முழுசா முங்கி மேல ரெண்டு விரக்கடை நிக்கிற மாதிரி ஊத்தி, மண்சட்டியா இருந்தா இன்னும் நல்லது, ஒரு தட்டு போட்டு மூடி வச்சா காலைல லேசா புளிச்ச வாசனையோட இருக்கும், அந்த புளிப்பு தயிர்ல இருக்கிற அதே வகை லாக்டிக் அமில பாக்டீரியா பண்ற வேலை. கையால நல்லா பிசைஞ்சு, உப்பு, மோர், பொடியா நறுக்குன சின்ன வெங்காயம், கடிச்சிக்க மோர் மிளகா. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில குடல் நோய்க்காரங்களுக்கு இது உதவுமான்னு ஆராய்ச்சி வரைக்கும் போயிருக்காங்க, நம்ம தான் ஓட்ஸ் பாக்கெட் தேடிட்டு இருக்கோம். சோறு நூல் விட்டாலோ, தொட்டா வழவழன்னு இருந்தாலோ, வாடை மாறி அடிச்சாலோ மட்டும் சிக்கனம் எல்லாம் பாக்காம கொட்டிடுங்க.

காய் வாங்குறது அடுத்தது. பக்கத்துல உழவர் சந்தை இருந்தா அங்க போங்க, 1999ல மதுரையில மொதல்ல திறந்தது, இப்போ நெறைய ஊர்ல இருக்கு, காலைல சீக்கிரம் போனா தான் நல்ல காய் கிடைக்கும். கத்திரி, வெண்டை, அவரை, கொத்தவரை, சுரை, பூசணி, பீர்க்கு இதெல்லாம் சுத்துப்பட்டுலயே விளையிறது, விலையும் கம்மி, லாரியில ரொம்ப தூரம் வர வேண்டியதும் இல்ல. பை எடுத்துட்டு போங்கன்னு தனியா சொல்லணுமா, 2019 ஜனவரி 1ல இருந்து கேரி பேக்குக்கு தடை, 2021 டிசம்பர்ல மஞ்சப்பைக்கு அரசாங்கமே இயக்கம் ஆரம்பிச்சுது, அப்புறமும் கைய வீசிட்டு போய் கவர் கேக்குறவங்கள என்ன சொல்ல.

வாங்கிட்டு வந்த காய் வீணாப்போறது பெரும்பாலும் சமைக்கிற வரிசையால தான். மொத நாள் கீரை, கொத்தமல்லி, அடுத்து வெண்டைக்காய், கத்திரிக்காய், அப்புறம் பீர்க்கு, சுரை, முட்டைகோஸ், வாரக் கடைசியில தான் கேரட், உருளை, சேனை, பூசணி. எது வெட்டாம வச்சா தாங்கும்னு பாத்து அத பின்னாடி தள்ளுங்க. இத மட்டும் கடைபிடிச்சாலே ஃபிரிட்ஜ் கீழ் டிரேயில அழுகிப்போய் கிடக்கிற காய் பாதி குறைஞ்சிடும்.

இப்போ தோலுக்கு வரேன், எனக்கு ரொம்ப புடிச்ச ஏரியா. பீர்க்கங்காய் வாங்குனா ஒரே காய்ல ரெண்டு ஐட்டம், சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. வெட்டுறதுக்கு முன்னாடி நுனியில சின்ன துண்டு வாயில போட்டு பாத்துடுங்க, கசந்தா தோல், சதை எல்லாத்தையும் தூக்கி போட்ருங்க, பீர்க்கு, சுரை, வெள்ளரி குடும்பத்துல அந்த கசப்பு விஷத்தன்மை உள்ளது, உப்பு போட்டு வேக வச்சாலும் போகாது. கசக்கலன்னா நல்லா கழுவி, மேல இருக்கிற கூரான நரம்ப மட்டும் கத்தியால சீவி எறிஞ்சிட்டு, மிச்ச பச்சை தோல பீலர்ல எடுங்க. கடாய்ல ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, ரெண்டு டேபிள்ஸ்பூன் உளுந்து, நாலு காஞ்ச மிளகா போட்டு உளுந்து செவந்ததும் தனியா எடுத்து வச்சிட்டு, அதே எண்ணெய்ல தோல போட்டு சிம்ல வதக்குங்க. மொதல்ல கடாய் நெறைய தெரியும், ஒரு அஞ்சாறு நிமிஷத்துல சுருங்கி ஒரு கைப்பிடி ஆயிடும், நிறம் அடர்பச்சை ஆகி பச்சை வாசனை போனா போதும். கொட்டை பாக்கு அளவு புளி, உப்பு, விருப்பம் இருந்தா ரெண்டு ஸ்பூன் தேங்காய் சேத்து மிளகாயோட மொதல்ல தோல அரைச்சிட்டு, கடைசியா உளுந்த போட்டு ரெண்டே சுத்து, உளுந்து கொஞ்சம் கடிபடணும், நைசா போச்சுன்னா ருசியே போச்சு. சூடான சோத்துல நல்லெண்ணெய் ஊத்தி பிசைஞ்சா, தொட்டுக்க வேற எதுவும் கேக்க மாட்டாங்க.

இதே மாதிரி வாழைக்காய் தோல பொடியா நறுக்கி மோர் தண்ணியில போட்டு வச்சிட்டு வேக வச்சு, தேங்காய் போட்டு பொரியல் பண்ணலாம். தர்பூசணி சாப்ட்டு முடிச்சதும் செவப்புக்கும் பச்சைக்கும் நடுவுல இருக்கிற வெள்ளை பகுதி இருக்கே, அது கிட்டத்தட்ட சுரைக்காய் தான், பாசிப்பருப்பு போட்டு கூட்டு வச்சு குடுங்க, சொன்னா தான் தெரியும். முள்ளங்கி, பீட்ரூட் வாங்கும் போது இலையோட குடுங்கன்னு கேளுங்க, காசு வாங்க மாட்டாங்க, அது ஒரு நாள் கீரை. கொத்தமல்லி தண்டு ரசத்துக்கு, முருங்கைக்கீரை காம்ப தட்டி மிளகு சீரகம் போட்டு சூப்புக்கு, பலாக்கொட்டை சாம்பாருக்கு. தோல் சமைக்கும் போது மருந்து அடிச்சிருப்பாங்களேன்னு பயம் இருந்தா உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு வச்சு அப்புறம் ஓடுற தண்ணியில தேய்ச்சு கழுவுங்க, மேல இருக்கிறது ஓரளவு போயிடும், உள்ள இறங்குனது போகாது. அதனால குடைமிளகா, காலிஃபிளவர் மாதிரி மருந்து அதிகம் அடிக்கிற காய வாங்குறதயே நான் கம்மி பண்ணிட்டேன்.

கேஸ் விஷயம். 14.2 கிலோ சிலிண்டர், மாத்துன அன்னிக்கே காலண்டர்ல தேதி எழுதி வைங்க, அடுத்த சிலிண்டர் எத்தனை நாள் வந்துச்சுன்னு தெரிஞ்சா தான் நீங்க பண்ற எதாவது வேலை செய்யுதான்னே தெரியும். ஊற வைக்கிறது தான் பெரிய மிச்சம், கொண்டைக்கடலை, மொச்சை எல்லாம் ராத்திரியே போட்ரணும், துவரம்பருப்பு கூட அரை மணி நேரம் ஊறட்டும். ரேஷன்ல 30 ரூபாய்க்கு குடுக்கிற துவரம்பருப்பு வேகவே மாட்டேங்குதுன்னு நெறைய பேர் குறை சொல்றாங்க, அத வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊற வச்சு பாருங்க. இன்னொண்ணு, போர் தண்ணியில பருப்பு வேகாது, உப்புத்தண்ணில இருக்கிற கால்சியம் பருப்ப இறுக்கிடும், பருப்புக்கு மட்டும் குடிக்கிற தண்ணி ஊத்துங்க, அஞ்சு விசில் மூணு விசிலா குறையும்.

விசில்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஃபுல் தீயில வச்சு வரிசையா விசில் அடிக்க விட்டா அது அவ்வளவும் காத்துல போற கேஸ் காசு. மொத விசில் வந்ததும் சிம் பண்ணிடுங்க, உள்ள பிரஷர் அதே தான் இருக்கும், ஆறேழு நிமிஷம் கழிச்சு ஆஃப் பண்ணி, வெயிட்ட கரண்டியால தூக்கி ஆவி எடுக்காம தானா அடங்க விடுங்க, அந்த நேரத்துலயும் உள்ள வெந்துட்டு தான் இருக்கும். கீழ பருப்பு, மேல் அடுக்குல சோறு, ஓரமா ரெண்டு உருளைக்கிழங்கு, ஒரே தீயில மூணு வேலை. தீ நீலமா இல்லாம மஞ்சளா எரிஞ்சா பர்னர் அடைச்சிருக்குன்னு அர்த்தம், கழட்டி பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சு, ஓட்டைய ஊசியால குத்தி, காய வச்சு மாட்டுங்க. பாத்திரத்துக்கு வெளிய தீ எட்டி பாக்க கூடாது, ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த பால சில்லுன்னு அப்படியே அடுப்புல வைக்காதீங்க, மத்தபடி மூடி போட்டு சமைங்க. அவ்ளோ தான்.

தண்ணிய பத்தி சுருக்கமா. ஆர்ஓ மெஷின் வெளிய தள்ளுற தண்ணி ஒரு லிட்டர் குடிதண்ணிக்கு அதவிட கூடவே இருக்கும், டியூபுக்கு கீழ பக்கெட் வைங்க, வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ போதும். செடிக்கு தினமும் அத ஊத்தாதீங்க, உப்பு மண்ணுல சேந்துடும். ஏசி தண்ணி செடிக்கு தாராளமா ஊத்தலாம்.

இவ்வளவுக்கு அப்புறமும் வெங்காய தோல், டீத்தூள், முட்டை ஓடுன்னு மிஞ்சும். அதுக்கு கம்போஸ்ட் கிட் எதுவும் வேணாம், ஒரு பழைய பெயிண்ட் பக்கெட்ல அடியிலயும் பக்கவாட்டுலயும் ஓட்டை போட்டு, அடியில காஞ்ச இலை, மேல காய்கறி குப்பை, திரும்ப அதுக்கு ரெண்டு மடங்கு காஞ்ச இலையோ தேங்காய் நார் தூளோ, இப்படியே அடுக்கிட்டு போங்க. ஆரம்பத்துல ஒரு டம்ளர் புளிச்ச மோர் தெளிச்சா சீக்கிரம் மக்க ஆரம்பிக்கும். நாத்தம் வந்தா ஈரம் ஜாஸ்தின்னு அர்த்தம், காஞ்ச இலை போட்டு கிளறி விடுங்க. குண்டு குண்டா புழு வந்தா பதறாதீங்க, அது குப்பைய தின்னு சீக்கிரம் மக்க வைக்கிறது. சமைச்ச சோறு, எண்ணெய் ஐட்டம், மீன் முள்ளு போடாதீங்க, எலி வந்துடும். ரெண்டு மாசம் போல ஆகும், மண் வாசனை வந்தா ரெடி. 2022 ஏப்ரல்ல பெருங்குடி குப்பை கிடங்கு நாள் கணக்கா எரிஞ்சு புகைஞ்சத பாத்த சென்னைக்காரங்களுக்கு இந்த பக்கெட் எதுக்குன்னு நான் விளக்க வேண்டியதில்ல.

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி தோல மட்டும் கம்போஸ்ட்ல போடாம தனியா சேத்து வைங்க. 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல 100 கிராம் நாட்டு வெல்லம், 300 கிராம் தோல், ஒரு லிட்டர் தண்ணி, மேல இடம் விட்டு மூடி, தேதி எழுதி ஓரமா வைங்க, மூணு மாசத்துல தரை துடைக்கிற லிக்விட் ரெடி. மொத மாசம் தினமும் ஒரு தடவ மூடிய லேசா திறந்து காத்த வெளிய விடணும், இல்லனா பாட்டில் வெடிக்கும், அதனால கண்ணாடி பாட்டில் வேணவே வேணாம். வடிகட்டி ஒரு பக்கெட் தண்ணிக்கு ரெண்டு மூடி ஊத்துனா போதும். பாத்திரம் தேய்க்க முத்துன பீர்க்கங்காய் நார், பித்தளைக்கு குழம்புக்கு கரைச்ச புளி சக்கை. வினிகரையும் சோடா மாவையும் ஒண்ணா கலந்து நுரை பொங்குறத வீடியோ போடுறாங்களே, ரெண்டும் சேந்தா ஒண்ண ஒண்ணு முறிச்சிட்டு வெறும் உப்புத்தண்ணி மாதிரி தான் ஆகும், தனித்தனியா பயன்படுத்துனா தான் பலன். பாத்ரூம்ல பிளீச்சிங் பவுடர் போடுற அன்னிக்கு இந்த எலுமிச்சை தோல் லிக்விட், வினிகர், ஆசிட் எதையும் அது கூட சேத்துடாதீங்க, புளிப்பு பட்டா குளோரின் வாயு கிளம்பும், சின்ன பாத்ரூமா இருந்தா மூச்சு அடைச்சிடும்.