இன்டெல்லா, ஏ.எம்.டி.யா: கேமிங் பிசி கட்டுபவர்கள் பணத்தை விடும் இடங்கள்

கேமிங் பிசி அசெம்பிள் செய்து கொடுப்பது என் வேலை. பட்ஜெட் கொஞ்சம் பெரிதாக இருந்தால், கணினியின் மூளையான பிராசஸரைப் பற்றி வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியே ‘இன்டெல்லா, ஏ.எம்.டி.யா’ என்பதுதான். அதற்குப் பின்னால் வரும் தவறுகள் எனக்கு நன்றாகப் பழகியவை, பாதி நானே ஒரு காலத்தில் செய்தவை. தெர்மல் பேஸ்ட் தடவ மறப்பது, சாக்கெட் பின்னை வளைப்பது போன்றவற்றை எல்லா வீடியோவிலும் சொல்லிவிட்டார்கள். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

மானிட்டரைப் பார்க்காமல் கிராஃபைப் பார்ப்பது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துகிற தவறு இது. முதல் வேலைக்குச் சேர்ந்து சம்பளத்தைச் சேர்த்து வைத்திருந்த தம்பி ஒருவர் பாகங்களின் பட்டியலோடு வந்தார். ஏ.எம்.டி.யின் ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசஸர், ஆர்.டி.எக்ஸ். 5070 கிராபிக்ஸ் கார்டு, 4கே மானிட்டர். பட்டியலைப் பார்த்ததுமே, “தம்பி, பிராசஸரை ஒரு படி இறக்குங்க, அந்தக் காசுல அடுத்த கார்டு 5070 டி.ஐ. வந்துடும்” என்றேன். போனை நீட்டினார். பிராசஸர்களின் வேகத்தை ஒப்பிடும் பெஞ்ச்மார்க் கிராஃப். மேலே 9800எக்ஸ்3டி, கீழே தள்ளி மற்றவை. “இவ்ளோ வித்தியாசம் இருக்குண்ணா, இதைப் போய் எப்படி விடுறது?” என்றார். கிராஃபின் மூலையில் பொடி எழுத்தில் 1080பி என்று இருந்ததை அவர் கவனிக்கவில்லை. சொல்லியும் பார்த்தேன். யூடியூபில் பார்த்ததை என் வாயால் மாற்ற முடியவில்லை. பட்டியல்படியே கட்டிக் கொடுத்தேன்.

அந்த கிராஃபில் பொய் எதுவும் கிடையாது. பிராசஸர்களை ஒப்பிட வேண்டுமானால், வேறு எதுவும் தடையாக நிற்கக் கூடாது. அதனால் விமர்சகர்கள் கைக்குக் கிடைப்பதிலேயே வேகமான கிராபிக்ஸ் கார்டைப் போட்டு, ரெசல்யூஷனை (திரையில் வரையும் பிக்சல்களின் அளவை) 1080பி-க்கு இறக்குவார்கள். கார்டுக்கு வேலை குறைந்துவிடும், பிராசஸர் எவ்வளவு ஓடுமோ அவ்வளவும் தெரிந்துவிடும். 4கே-யில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் வரும் ஒரு படத்துக்கு, 1080பி-யைப் போல நான்கு மடங்கு பிக்சல்கள். இப்போது மூச்சு வாங்குவது கார்டு. அது ஒரு ஃபிரேமை வரைந்து முடிக்கும்வரை பிராசஸர் சும்மா காத்திருக்கும். அங்கே எந்தக் கம்பெனி பிராசஸரைப் போட்டாலும் பெரும்பாலான விளையாட்டுகளில் எஃப்.பி.எஸ்., அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது, ஏறக்குறைய ஒன்றுதான்.

சில வாரம் கழித்து தம்பியிடமிருந்து ஸ்கிரீன்ஷாட் வந்தது. சைபர்பங்க் 2077, ரே டிரேசிங் (ஒளி, நிழலைத் துல்லியமாகக் கணக்கிடும் வசதி) போட்டு 4கே. மூலையில், கணினியின் சுமையைக் காட்டும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளின் எண்கள்: கார்டு 99 சதவீதம், பிராசஸர் 30-ஐச் சுற்றி. கூடவே, “அண்ணா, திணறுதே, பிராசஸர்ல ஏதாவது செட்டிங்ஸ் மாத்தணுமா?” என்று ஒரு கேள்வி. பிராசஸருக்கு வேலையே இல்லையப்பா! 5070-இல் 12 ஜிபி நினைவகம், 5070 டி.ஐ.-இல் 16 ஜிபி. அவர் போட்டிருந்த டெக்ஸ்சர் அமைப்புக்கு அந்தக் கூடுதல் நான்கு ஜிபியும் உதவியிருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தடை எங்கே என்று பார்க்க, பிராசஸர் சதவீதத்தை நம்பக் கூடாது. பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்தான் கோர். எட்டு கோரில் ஒன்று மட்டும் திக்குமுக்காடினாலும் மொத்தக் கணக்கு 30, 40 என்றுதான் காட்டும். கார்டின் எண்ணைப் பாருங்கள். 97-க்கு மேலேயே நின்றால் தடை கார்டு. 70, 80 என்று இறங்கி ஆடினால், ஃபிரேம் லிமிட் எதுவும் போடாத பட்சத்தில், பிராசஸரைச் சந்தேகிக்கலாம். இப்போது கையில் ஒரு பிசி இருந்தால் இன்னும் சுலபம். விளையாட்டின் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். எஃப்.பி.எஸ். எகிறினால் கார்டு போதவில்லை. அசையாமல் நின்றால் பிராசஸர் போதவில்லை. காசு செலவில்லாத சோதனை, ஆனால் கடைக்கு வருமுன் இதைச் செய்து பார்க்கிறவர்கள் அபூர்வம்.

சரி, அப்படியானால் 4கே வைத்திருப்பவருக்கு நல்ல பிராசஸரே வேண்டாமா? அதுவும் தவறு. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டி.எல்.எஸ்.எஸ். வசதியைப் போட்டால் கணக்கு மாறும். 4கே-யில் ‘குவாலிட்டி’ வைத்தால் உள்ளே வரைவது 1440பி, ‘பெர்ஃபாமன்ஸ்’ வைத்தால் 1080பி. கார்டின் சுமை இறங்கியதும் பிராசஸரின் சுமை திரும்ப வந்துவிடும். ரே டிரேசிங்கும் பிராசஸருக்குத் தனி வேலை வைக்கும். விளையாட்டைப் பொறுத்தும் மாறும். கவுன்டர் ஸ்டிரைக் 2-ஐ 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுகிறவருக்கு அந்த 1080பி கிராஃப் அப்படியே பொருந்தும். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், ஃபேக்டோரியோ மாதிரி பிராசஸரைத் தின்னும் விளையாட்டுகளுக்கும் 9800எக்ஸ்3டி கொடுத்த காசுக்கு உழைக்கும்.

ஆகவே நான் வைத்திருக்கும் வரிசை இது: முதலில் என்ன விளையாட்டு, எந்த மானிட்டர். அப்புறம் அதற்கான கார்டு. மிச்சமிருக்கும் காசுதான் பிராசஸரைத் தீர்மானிக்க வேண்டும். பிராண்டு கேள்வியே அங்கேதான் தொடங்குகிறது.

கோரை எண்ணி வாங்குவது

இன்டெல்லின் 14900கே-யில் 24 கோர். அதில் முழு வேகக் கோர் 8, மீதி 16 சிக்கனக் கோர். ஏ.எம்.டி.யின் 7950எக்ஸ்3டி-யில் 16 கோர், எட்டு எட்டாக இரண்டு சிப்லெட் (சின்னச் சிப்பு). கூடுதல் கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) அடுக்கு இருப்பது ஒரு சிப்லெட்டில் மட்டும். விளையாடும்போது விண்டோஸ் மற்ற எட்டையும் தூங்க வைக்க வேண்டும். அதற்குச் சிப்செட் டிரைவரும் எக்ஸ்பாக்ஸ் கேம் பாரும் ஒழுங்காக இருக்க வேண்டும். எட்டே கோர் உள்ள 7800எக்ஸ்3டி-க்கு இந்தத் தலைவலி கிடையாது. விளையாட்டில் இதைவிட விலை கூடிய அண்ணனுக்குச் சமமாக நிற்கும், சில இடங்களில் முந்தவும் செய்யும்.

காரணம் கேஷ். சாதாரண எட்டுக் கோர் ரைசனில் எல்3 கேஷ் 32 எம்பி, எக்ஸ்3டி-யில் 96. விளையாட்டுகள் சிதறிக் கிடக்கும் தரவை ஓயாமல் எட்டி எடுப்பவை. ஒவ்வொரு முறையும் ராம் வரை போய் வருவது சமையலுக்கு நடுவே உப்புக்காகக் கடைக்கு ஓடுவது மாதிரி. அடுப்பருகிலேயே டப்பா இருந்தால் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். 7800எக்ஸ்3டி-யில் இந்தக் கேஷ் அடுக்கு கோர்களின் மேலே உட்கார்ந்து வெப்பத்தை மறித்தது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் அதைக் கோர்களுக்குக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். அதனால் இன்னும் அதிக வேகத்தில் ஓட்ட முடிகிறது.

விளையாட்டோடு ரெண்டரிங்கும் பிழைப்பு என்றால் மட்டும் கோரை எண்ணுங்கள். 20 கோர் உள்ள இன்டெல்லின் கோர் அல்ட்ரா 7 265கே போன்றவை அங்கே நியாயமான தேர்வு. வீடியோ எடிட் செய்பவருக்கு வீடியோவை வேகமாக மாற்றித் தரும் இன்டெல்லின் குயிக் சிங்க் வசதி உண்மையிலேயே உதவும். வெறும் விளையாட்டுக்காக என்றால் அந்த வரிசையை நான் பரிந்துரைப்பதில்லை. 2024-இல் வெளிவந்தபோது பல விளையாட்டுகளில் இன்டெல்லின் சொந்த 14900கே-யிடமே தோற்றது.

பிராண்டு பாசம்

இரண்டு கம்பெனியும் நமக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை.

சாக்கெட்டின் ஆயுளுக்காக மயங்குவது

போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். 2017-இல் வாங்கிய, ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் உள்ள போர்டுகள் பலவற்றில், பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) மட்டும் புதுப்பித்து 2022-இன் 5800எக்ஸ்3டி-யைப் போட முடிந்தது. ஏ.எம்.5-க்கும் 2027 வரையும் அதற்கு மேலும் ஆதரவு உண்டு என்று ஏ.எம்.டி. சொல்லியிருக்கிறது. இன்டெல் அடிக்கடி சாக்கெட்டை மாற்றும், 12, 13, 14 மூன்று தலைமுறையும் ஒரே சாக்கெட்டில் ஓடியதே அபூர்வம். இதெல்லாம் உண்மைதான். ஆனால் பழைய போர்டில் புதுப் பிராசஸர் போடத் திரும்பி வந்தவர்கள் என் வாடிக்கையாளர்களில் கொஞ்சம் பேர்தான். ஐந்தாறு வருஷம் கழித்து மொத்தமாக மாற்றுகிற ரகம் நீங்கள் என்றால், இந்தச் சலுகைக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வாட் கணக்கை மறப்பது

14900கே உச்சத்தில் 253 வாட் வரை இழுக்க அனுமதி உள்ளது. 7800எக்ஸ்3டி விளையாடும்போது 100-ஐத் தொடுவதே அரிது. ஆன்லைன் விமர்சனங்களில் காட்டும் வெப்பநிலை ஏ.சி. அறையில் எடுத்தது. மே மாதச் சென்னையில், ஃபேன் மட்டும் ஓடும் அறையில், அதோடு ஒரு பத்து டிகிரியையாவது கூட்டிக்கொள்ளுங்கள். கூலரின் விலையையும் பிராசஸர் விலையோடு சேர்த்துப் பாருங்கள். அப்புறம் யு.பி.எஸ். மேசைக்கு அடியில் இருக்கும் 600 வி.ஏ. பெட்டி ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். விளையாட்டின் நடுவில் கரண்ட் போனால் பீப் என்று ஒரு சத்தம், அதோடு எல்லாம் அணைந்துவிடும்.

முதல் பூட்டில் பதறுவது

ஏ.எம்.5-இல் முதல் முறை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் ஆகும். திரை கறுப்பாகத்தான் இருக்கும். ‘ஏ.எம்.டி. போர்டு டெட்’ என்று போன் போடாதீர்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ராமில் ஆடம்பரம்

எக்ஸ்3டி-க்கு 8000 வேக ராம் வாங்குவது வீண். பெரிய கேஷ் இருப்பதால் ராமின் வேகத்தை அது அதிகம் பொருட்படுத்துவதில்லை. 6000 போதும், பயாஸில் எக்ஸ்போவை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை) இயக்கிவிடுங்கள். நான்கு குச்சி போடாதீர்கள், வேகம் இறங்கும்.

விலை குறைவென்று பழைய இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையைப் பிடிப்பது

செகண்ட் ஹேண்டில் 13900கே, 14900கே கண்ணைப் பறிக்கும் விலைக்கு வருகின்றன. தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி அந்தத் தலைமுறைச் சிப்புகள் நிலைகுலைந்ததை இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று திருத்திய மைக்ரோகோடு (பிராசஸரின் உள் மென்பொருள்) வந்தது. பெட்டியோடு விற்ற பிராசஸர்களுக்கு உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டி ஐந்தாக்கினார்கள். புது மைக்ரோகோடு இனிமேல் கெடாமல் காக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. முந்தைய சொந்தக்காரர் பயாஸை எப்போது புதுப்பித்தார் என்று கேளுங்கள். பதிலுக்குத் திணறினால் விட்டுவிடுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் பெட்டியில்லாமல் ட்ரே பிராசஸராகவும் கிடைக்கும், விலையும் குறையும். அதற்கு உத்தரவாதம் விற்றவரோடு சரி. இன்டெல் நேரடியாக எடுத்துக்கொள்ளாது. பில்லில் சீரியல் எண்ணும் உத்தரவாதம் எத்தனை வருஷம் என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே நின்று படித்துப் பாருங்கள். ‘எஃப்’ என்று முடிகிற மாடலா என்பதையும் அப்படியே பாருங்கள். எஃப் என்றால் உள்ளே டிஸ்பிளே கிடையாது. கிராபிக்ஸ் கார்டு சர்வீஸுக்குப் போகிற நாட்களில் மானிட்டரைச் செருகப் போர்டில் உருப்படியான இடம் இருக்காது.