ஓட்டு கேட்டு வருகிறவரிடம் பெரியவர்கள் கேட்க வேண்டியவை

குடியரசுத் தலைவருக்கு நாம் நேராக ஓட்டுப் போடுவதில்லை; தேர்தலில் ஜெயித்த எம்.பி., எம்.எல்.ஏ.க்கள்தான் அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக, நாம் பார்த்துப் போட வேண்டியது இவர்களுக்குத்தான்.

எனக்கு 71 வயது, ஊர் தண்டையார்பேட்டை. காலில் விழ வருகிற வேட்பாளரைத் தூக்கி நிறுத்தி, முதலில் முதியோர் பென்ஷனைக் கேளுங்கள். 80 வயதுக்குள் இருப்பவருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய்தான். மிச்சத்தை மாநில அரசு போட்டு 2023-ல் 1,200 ஆக்கியது. எம்.பி.க்கு நிற்கிறவர் என்றால், "அந்த 200-ஐ ஏற்றச் சொல்லிப் பேசுவியா தம்பி?" என்று கேளுங்கள். "பார்க்கலாம் பெரியவரே" என்றால் பதில் தெரிந்துவிட்டது. 2020 மார்ச்சில் நின்றுபோன ரயில் சலுகையையும் விடாதீர்கள்.

அப்புறம் வாசலைக் காட்டுங்கள். போன மழையில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு எங்கள் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறேன். என் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. குனிந்து பார்த்தவர் இதுவரை ஒருத்தர்தான்!

சொத்து, வழக்கு விவரமெல்லாம் வேட்பாளரின் படிவம் 26-ல் இருக்கும். பேரனிடம் சொன்னால் போனில் எடுத்துத் தருவான். 85 தாண்டியவர்கள் 12டி படிவம் கொடுத்தால் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.