பிளேயருக்குப் பாட்டு ஏற்றும்போது ‘கட்’ வேண்டாம்

“மாமா, பாட்டு எல்லாத்தையும் மெமரி கார்டுக்கு மாத்திட்டேன். லேப்டாப்புல இப்ப நிறைய இடம் இருக்கு” என்று போன ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டுப் பையன் வந்து சொன்னான். தாத்தாவுக்காக வாங்கிய சின்ன பிளேயர். மும்பை செம்பூரில் எங்கள் பில்டிங்கில் கேசட், சிடி, பென் டிரைவ் எதுவானாலும் என்னிடம்தான் வரும். ‘மாத்திட்டேன்’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. “காப்பியா, கட்டா?” என்றேன். “கட்” என்றான்.

நான் செய்த அதே தவறுகளைத்தான் புதிதாக வருகிறவர்களும் செய்கிறார்கள். பேட்டரி தீர்ந்தது, வால்யூம் குறைந்தது போன்றவற்றை அவரவரே கண்டுபிடித்துக்கொள்வார்கள். மற்றதைச் சொல்கிறேன்.

சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள்

டேட்டா கம்பி இல்லாத கேபிளில் பிளேயர் கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

சோதிக்காத கார்டில் ‘கட்’ செய்து ஒட்டுவது

எங்கள் வீட்டில் அம்மா பாடிய ஒன்பது கேசட்டுகள் இருந்தன. நவராத்திரிக்கு மாட்டுங்காவில் கொலு பார்க்கப் போன வீடுகளில் பாடியது, சமையல்கட்டில் வேலையோடு வேலையாகப் பாடியது, நடுவில் குக்கர் விசில், எல்லாம் அதில் இருக்கும். ஒரு மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் முழுசாக ஓடவிட வேண்டும். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒன்பதையும் சுருக்காத வேவ் ஃபைலாக ஏற்றினேன். சிடி தரத்தில் மணிக்குச் சுமார் 600 எம்பி, மொத்தம் ஐந்தரை ஜிபி போல வந்தது. மும்பை மழையில் நாடா எல்லாம் வெள்ளைப் பூஞ்சை பிடித்துக் கிடந்ததால் கேசட்டுகளைக் கழித்துக் கட்டிவிட்டேன்.

கிராண்ட் ரோடு ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் 64 ஜிபி என்று அச்சடித்த கார்டு பாதி விலைக்குக் கிடைத்தது. அதில் ஏற்கெனவே ஐந்து ஜிபி போலச் சினிமாப் பாட்டு ஏற்றியிருந்தேன். அம்மாவின் ஒன்பதையும் கட் செய்து அங்கே ஒட்டினேன். பிழை என்று எதுவும் வரவில்லை. ஒன்பது பெயரும் தெரிந்தன, அளவும் சரியாகக் காட்டியது.

மூன்று மாதம் கழித்து, டோம்பிவிலி லோக்கலில் நின்றபடி ஐந்தாவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு வரியைத் திரும்ப எடுக்கும் இடத்தில் குரல் சட்டென்று நின்றது. நேரம் மட்டும் 31:12, 31:13 என்று ஓடிக்கொண்டிருந்தது. ரயில் இரைச்சல்தான் அமுக்குகிறது என்று இயர்போனை விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆறு முதல் ஒன்பது வரை பிளேயர் திறக்கவே இல்லை.

அது உண்மையில் 8 ஜிபி கார்டு. உள்ளே கார்டை இயக்கும் சிப்பான கன்ட்ரோலரை மாற்றி, கம்ப்யூட்டரிடம் 64 என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட கார்டு நிரம்பிய பிறகு, எழுதுவதைக் காற்றில் விடும், அல்லது பழையதன் மேலேயே எழுதும். ஃபைல் பட்டியல் கார்டின் தொடக்கத்தில் இருப்பதால் பெயர்கள் மட்டும் பத்திரமாகத் தெரியும். கட் செய்யும்போது கம்ப்யூட்டர் முதலில் நகலெடுக்கிறது, பிறகு மூலத்தை அழிக்கிறது. நகல் சரியாகப் பதிந்ததா என்று அது திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கும் போவதில்லை. அந்த மூன்று மாதத்தில் லேப்டாப்பில் நான் வேறு எவ்வளவோ எழுதிவிட்டதால் மீட்பு மென்பொருளுக்கும் எதுவும் சிக்கவில்லை. அன்றைக்கு லேப்டாப்பில் 200 ஜிபி காலியாக இருந்தது. கட் செய்ய ஒரு காரணமும் கிடையாது. இன்றும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

ஆகவே, புதுக் கார்டு வாங்கினால் காலியாக இருக்கும்போதே சோதியுங்கள். விண்டோஸில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, லினக்ஸிலும் மேக்கிலும் ‘எஃப்3’. இரண்டுமே இலவசம். கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் 64 ஜிபி எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும், படிக்கும் நேரம் தனி. பொறுத்திருங்கள். பிறகு காப்பி மட்டும் செய்யுங்கள். கார்டைக் கழற்றி மாட்டி, கடைசியாக ஏற்றிய பாட்டைப் போட்டுக் கேளுங்கள். கழற்றாமல் கேட்டால் கம்ப்யூட்டர் தன் நினைவகத்தில் இருக்கும் நகலையே பாடிக் காட்டிவிடலாம்.

திரையில் காப்பி கோடு நிரம்பியதும் கார்டைப் பிடுங்குவது

திரையில் முடிந்துவிட்டாலும் எழுதுவது பின்னால் நடந்துகொண்டிருக்கலாம். லினக்ஸில் இது சகஜம். ‘எஜெக்ட்’ கொடுத்து, எடுக்கலாம் என்று வந்த பிறகு எடுங்கள்.

128-ஐ 320 ஆக்குவது

எம்பி3 பாட்டின் ஒரு நொடிக்கு எவ்வளவு டேட்டா என்பதுதான் இந்த எண் (கேபிபிஎஸ்). சுருக்கும்போது போன சத்தம் எண்ணைக் கூட்டினால் திரும்பாது. ஃபைல்தான் இரண்டரை மடங்காகும்.

பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிவது

பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். ஃபைல் பெயரை ஆங்கிலத்தில் மாற்றினால் மட்டும் போதாது. பல பிளேயர்கள் பாட்டு ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கும் பெயர் விவரத்தை, அதாவது டேகைத்தான் காட்டும். ‘எம்பி3டேக்’ போன்ற மென்பொருளில் அதையும் மாற்றுங்கள்.

வரிசை

பையனின் பாட்டுகளை முதல் வேலையாக லேப்டாப்புக்கே திரும்பக் காப்பி செய்து, போட்டுக் கேட்டு, கார்டைக் காலி செய்து சோதித்தோம். நல்ல கார்டுதான். மறுபடி ஏற்றிக் கொடுத்த சாயங்காலமே தாத்தா இறங்கி வந்தார். “என்னப்பா, கச்சேரி மங்களத்துல ஆரம்பிக்குது, வர்ணம் நாலாவதா வருது?”

மலிவான பிளேயர்கள் பல, பெயர் வரிசையைப் பார்க்காது. கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் பாடும். அந்த ஃபோல்டரை அழித்துவிட்டு, பெயர்களுக்கு முன்னால் 01, 02 என்று போட்டு, வர்ணத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக அதே வரிசையில் காப்பி செய்தேன். தாத்தா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து வர்ணம் முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் மாடி ஏறினார்.